பேனாவைக் கீழே வையுங்கள்

வணக்கம். மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு என்னுடையது, பசியோடு இருப்பவர்களிடம் உணவு பற்றி நீட்டி முழக்க மாட்டேன்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" உணவு ஆலோசனை சொல்லும் நாம் சர்க்கரை நோயாளிகளிடம் இதைத் தலை நிமிராமலே கேட்டுப் பழகிவிட்டோம். எதிரே இருப்பவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, பேனாவைப் பார்க்கிறார். அது நகர நகர, ஒன்றைக் குறைத்து, இன்னொன்றை விழுங்கிவிட்டுச் சொல்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். சாப்பிடுவதைக் குறைத்துச் சொல்வது மனித சுபாவம். உடல் உண்மையில் செலவழிக்கும் கலோரியை அளந்து, சொன்ன கணக்கோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலேயே இது தெரிந்திருக்கிறது.

அப்புறம் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது. ரத்தச் சர்க்கரையின் கிட்டத்தட்ட 3 மாதச் சராசரி, அதை ஏமாற்ற முடியாது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கள்ளனைப் பிடித்த மாதிரி ஒரு முகம் காட்டுவோமே, அதோடு போச்சு. அடுத்த முறை அவர் இன்னும் நன்றாகப் பொய் சொல்வார், இல்லையென்றால் வரவே மாட்டார்.

எனக்கு இது புரிய வைத்தவர் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். காலைச் சர்க்கரை எப்போதும் அதிகம். கேட்டால் "இனிப்பையே தொடுறதில்லை" என்பார், பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருப்பார். இரவு டோஸைக் கூட்டினார்கள், சர்க்கரை இறங்கவில்லை. நானும் மனதுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன், மறைப்பானேன். ஒருநாள் மனைவி மருந்து வாங்கப் போன நேரம், பேனாவை மூடி வைத்துவிட்டு, "ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி?" என்று சும்மா கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "திட்டாதீங்க சிஸ்டர். நடு ராத்திரி கை நடுங்கி வேர்த்துக் கொட்டுது. அடுப்படியில நின்னுக்கிட்டே இனிப்பு அள்ளிப் போட்டுக்கிறேன்."

ஆசையில் தின்றதல்ல அது. டோஸ் அதிகமாகி இரவில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. 70-க்குக் கீழே போனாலே இனிப்பு எடுக்கச் சொல்லிக் கொடுப்பது நாம்தானே! காலையில் ஏறி நின்றது அள்ளிப் போட்ட அந்த இனிப்பு. நாங்களோ அதைப் பார்த்து டோஸைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம்.

கண்டித்தால் ஆள் இன்னும் முரண்டு பிடிப்பான் என்பதைக் குடிநோயாளிகளிடம் பார்த்துத்தான் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-லேயே வேறு விதமாகப் பேசும் முறையை எழுதினார். உணவு ஆலோசனைக்கும் அதே முறை பின்னால் வந்தது. எனக்கோ பெரியவர் சொல்லித்தான் உறைத்தது.

"டாக்டர்கிட்ட நான் சொல்லியே ஆகணும் ஐயா, வீட்டுல சொல்றது உங்க இஷ்டம்" என்றேன். தலையாட்டினார். டோஸைக் குறைத்தார்கள். அன்று மனைவி மருந்துப் பையோடு திரும்பியபோது, அவர் தூக்கத்தைப் பற்றித்தான் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.