மான் வந்த பிறகு எழுந்திருக்காதீங்க: மரப்பரண்ல நிக்கிறதா, உட்கார்றதா?

[காட்சி: விடியறதுக்கு முன்னாடி ஓக் மரக்காடு. கேமரா தரையிலேர்ந்து மேல போகுது. 18 அடி உயரத்துல ஒரு பரண்.]

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம். அக்டோபர் 1-ஆம் தேதி வில் சீசன் திறக்குது, நவம்பர் 15-ல துப்பாக்கி சீசன். நடுவுல இருக்கிற ஆறேழு வாரம், வெள்ளைவால் மானுக்காக வில்லோட மரம் ஏறுறவங்களோட காலம். ட்ரீ ஸ்டாண்டுன்னு சொல்றாங்களே, அது வேற ஒண்ணுமில்ல, தினைக்கொல்லையில காவலுக்குப் போட்ட நம்ம பரண்தான். மரக்கட்டைக்குப் பதிலா அலுமினியம், கயித்துக்குப் பதிலா ராட்செட் பெல்ட்டு.

அந்தப் பரண்ல நின்னுக்கிட்டு அம்பு விடுறதா, உட்கார்ந்தே விடுறதா? இதுதான் இன்னைக்கு விஷயம்.

[திரையில் எழுத்து: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.]

இந்த வீடியோ அங்க இருந்து, லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போறவங்களுக்கு மட்டும். மிச்சிகன்ல 1960 ஜனவரி 1-லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க வழக்கமான லைசென்ஸ் வாங்கணும்னா, ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடிச்சிருக்கணும்.

[காட்சி: மான் தலை, மிகக் கிட்டத்தில். பக்கவாட்டில் கண்.]

மானோட கண்ணைப் பாருங்க. தலையோட ரெண்டு பக்கத்துலயும் இருக்கு. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 300 டிகிரிக்குச் சுத்திலும் தெரியும். நுணுக்கமா பார்க்கிறதுல நம்ம அளவுக்குக் கிடையாது. ஆரஞ்சு நிறம் அதுக்கு ஆரஞ்சாவே தெரியாது. ஆனா மங்கின வெளிச்சத்துலயும் அசைவு மட்டும் பளிச்சுனு பட்டுடும்.

உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்திருக்கும்போது என்னென்ன அசையுது? தலை ஒண்ணரை, ரெண்டு அடி மேல போகுது. நீட்டியிருந்த முழங்கால் உள்ள வருது. கை போய் வில்லை எடுக்குது. சீட்டோட கேபிள் ஒரு தடவை முனகுது. அம்பு விடுறதுக்குக் கட்டாயம் வேண்டிய அசைவு நாணை இழுக்கிறது ஒண்ணுதான். எழுந்திருக்கிறது அதுக்கு மேல நாமளா சேர்த்துக்கிற அசைவு, அதுவும் இருக்கிறதுலயே பெருசு.

சரி, பார்த்துட்டு ஓடாம அப்படியே நிக்குதுன்னு வைங்க. அப்பவும் காரியம் கெட்டுடுச்சு. கணக்கு இதுதான். மான் 20 கஜத்துல, அதாவது 60 அடியில நிக்குது. காம்பவுண்ட் வில்லுலேர்ந்து (ரெண்டு முனையிலயும் சக்கரம் வச்ச வில்) அம்பு வினாடிக்கு 280 அடி வேகத்துல போனா, 60 அடி போக 0.21 வினாடி. நாண் சத்தம் வினாடிக்கு சுமார் 1,100 அடி போகும், மானோட காதுக்கு 0.05 வினாடியில போய்ச் சேர்ந்துடும். மிச்சம் 0.16 வினாடி மான் கையில. நிம்மதியா மேயுற மானுக்கு அது பெரும்பாலும் பத்தாது. விறைச்சு நிக்கிற மானுக்குப் போதும். பாயறதுக்குக் காலை மடக்கி உடம்பைக் கீழ இறக்கும், அம்பு முதுகுக்கு மேல போயிடும். "சைட்டு (குறி பார்க்கிற கருவி) சரியில்ல"ன்னு வில்லைத் திட்டுறவங்கள்ல பல பேருக்கு நடந்தது இதுதான்.

அதனால எங்க முடிவு: மான் கண்ணுல படுறதுக்கு முன்னாடியே நின்னுக்கிட்டு இருங்க. உட்கார்ந்திருக்கும்போது வந்துடுச்சா, உட்கார்ந்தே அடிங்க. நடுவுல எழுந்திருக்கிறதுதான் காரியத்தைக் கெடுக்குது.

[காட்சி: பரண்ல மரத்தோட முதுகு ஒட்டி நிற்கும் ஆள், 25 கஜ தூரத்திலிருந்து. அடுத்து அதே ஆள் உட்கார்ந்து.]

நிக்கிறதுல என்ன லாபம்? முதுகை மரத்தோட ஒட்டி நின்னா, உருவம் மரத்தோட மரமா சேர்ந்துடும். உட்கார்ந்தா தொடையும் முழங்காலும் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். நின்னா இடுப்பு தாராளமா திரும்பும். வில்லோட கீழ் முனை எதுலயும் இடிக்காது. நாணை இழுக்க முதுகுத் தசை முழுசா வேலை செய்யும்.

நஷ்டம் காலுக்கு. பரணோட தளம் பெரும்பாலும் ரெண்டு அடிக்கு ரெண்டரை அடி. அதுல ஒரு மணி நேரம் நின்னா முட்டி பூட்டிக்கும், எடையை இந்தக் கால்லேர்ந்து அந்தக் காலுக்கு மாத்திக்கிட்டே இருப்பீங்க. அதுவும் அசைவுதான். உலோகத் தளத்தோட குளிர் பூட்ஸ் வழியா ஏறும். மான் வரும்போது தொடை நடுங்கினா, நின்னு என்ன பிரயோஜனம்? அதனால மான் நடமாட்டம் அதிகமா இருக்கிற வேளைக்கு நிக்கிறதைச் சேமிச்சு வைங்க: காலையில முதல் ஒரு மணி நேரம், சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம். மத்த நேரம் உட்காருங்க. நவம்பர் முதல் பாதியில, கிடா பெட்டையைத் தேடி அலையுற சமயத்துல, நாள் முழுக்க உட்கார்றவங்க உண்டு. அவங்களுக்கு உட்கார்ந்து அடிக்கிற பழக்கம் இல்லாம கதை நடக்காது.

[காட்சி: உட்கார்ந்த நிலை. கேமரா வில்லோட கீழ்ச் சக்கரத்துக்குப் பக்கத்துல.]

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. வலது கைக்காரர். முழங்கால் ரெண்டும் நேரா முன்னால. இப்ப நாணை இழுக்கிறார். கீழ்ச் சக்கரம் இடது தொடையிலேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்கு? ரெண்டு விரல்கடை. மான் இன்னும் கிட்ட வந்து வில்லைக் கீழ சாய்ச்சா, அந்த ரெண்டு விரலும் போச்சு. நாண் விடும்போது சக்கரமோ வில்லோட வளையுற தண்டோ தொடையில, சீட்டு ஓரத்துல, முன்கம்பியில தட்டினா, அம்பு எங்க போகும்னு யாரும் சொல்ல முடியாது.

மாத்திப் பார்ப்போம். சீட்டு மேலயே இடுப்பை வலது பக்கம் திருப்பணும். ரெண்டு முழங்காலும் வலது பக்கம் போகுது, இடது தோள் மானைப் பார்க்குது. பாதம் ரெண்டும் தளத்துல முழுசா பதிஞ்சிருக்கு. இப்ப வில் ரெண்டு தொடைக்கும் வெளிப்பக்கத்துல தொங்குது, கீழ ஒண்ணுமில்ல. காம்பவுண்ட் வில் அச்சுக்கு அச்சு (மேல் சக்கரத்தோட அச்சுலேர்ந்து கீழ்ச் சக்கரத்தோட அச்சு வரைக்கும்) 30 அங்குலம் பக்கத்துல இருந்தா இதுக்கு வசதி. 60 அங்குல ரீகர்வ் வில் (சக்கரம் இல்லாத, முனை முன்னால வளைஞ்ச வில்) வச்சிருக்கிறவங்களுக்கு உட்கார்ந்து அடிக்கிறது நிஜமாவே கஷ்டம். அவங்க நிக்கிறதுதான் நல்லது.

அடுத்தது இழுக்கிற பலம். வீட்டுல ஒரு நாற்காலியில உட்காருங்க, ரெண்டு காலையும் தரையிலேர்ந்து தூக்குங்க, வில்லை இலக்கை நோக்கி நீட்டி நேரா இழுங்க. வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்காம இழுக்க முடியலையா? உங்க உடம்புக்கு அந்த வில் கனம். வில்லோட தண்டுகளைப் பிடிச்சிருக்கிற ரெண்டு லிம்ப் போல்ட்டையும் ஒரே அளவு தளர்த்தி 5 பவுண்டு குறைங்க, அப்புறம் சைட்டைத் திரும்பச் சரிபாருங்க. 60 பவுண்டு வில், 80 சதவீத லெட்-ஆஃப் (முழுசா இழுத்ததும் குறையுற கனம்)னா, முழுசா இழுத்த பிறகு கையில நிக்கிறது 12 பவுண்டுதான். அதுவரைக்கும் கொண்டு போறதுலதான் சிரமம். குளிர்ல ரெண்டு மணி நேரம் அசையாம இருந்த தோளுக்கு அது இன்னும் ஜாஸ்தி.

ஜாக்கெட்டை மறந்துடாதீங்க. உட்கார்ந்தா துணி நெஞ்சுக்கு மேல மடிஞ்சு புடைச்சுக்கும், நாண் அதுல உரசும். கோடைக்காலத்துல டீ-ஷர்ட்டோட பயிற்சி பண்ணிட்டு, நவம்பர்ல மூணு அடுக்கு உடுப்போட உட்கார்ந்தா இது முதல் தடவையா தெரியவரும், அதுவும் மான் முன்னால. காட்டுக்குப் போடுற அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுப் பழகுங்க, கையில ஆர்ம்கார்டு (முன்கையை நாண் உரசாம காக்குற பட்டை) மாட்டிக்குங்க.

[வரைபடம்: மரத்தை மையமா வச்ச கடிகாரம்.]

உயரத்தைப் பத்தி ஒரு பயம் இருக்கு, உட்கார்ந்தா கோணம் மாறிடும்னு. அப்படி ஒண்ணும் மாறாது. வில் 20 அடி உயரத்துல, மான் 20 கஜத்துல இருந்தா சாய்வுத் தூரம் 21 கஜம், ஒரு கஜம்தான் வித்தியாசம். மான் 5 கஜத்துல மரத்தடியில நின்னா கோணம் 53 டிகிரி. அங்க அம்பு ஒரு நுரையீரலோட நின்னுடலாம். அதை விட்டுடுங்க, 15 கஜம் தாண்டிப் போய், பின்பக்கம் லேசா உங்களைப் பார்க்கிற மாதிரி திரும்பட்டும். கீழ பார்த்து அடிக்கும்போது தப்பு வர்றது கையை மட்டும் கீழ இறக்கிறதால. நேரா நீட்டி இழுத்து நிலைக்கு வந்த பிறகு இடுப்புல மடங்கணும். அப்பதான் கண், பீப் (நாண்ல இருக்கிற பார்வைத் துளை), சைட்டு மூணும் ஒரே கோட்டுல நிக்கும். நின்னா இடுப்பு மடங்குறது சுலபம். உட்கார்ந்தா வயிறு தடுக்கும், அதனால முன்கூட்டியே சீட்டோட முன்பக்கத்துக்கு வந்துடுங்க.

இப்ப கடிகாரம். மரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தா, நேர் எதிர 12 மணி. வலது கைக்காரருக்கு உட்கார்ந்த நிலையில 9-லேர்ந்து 12 வரைக்கும் தாராளம், 1 மணிக்கு இழுபறி, அதுக்கப்புறம் கிடையாது. நின்னு காலை மாத்தினா வலது பக்கமும் கொஞ்சம் கிடைக்கும். இடது கைக்காரருக்கு அப்படியே தலைகீழ். ஆக, பரணை எந்தப் பக்கம் மாட்டுறீங்கங்கிறது பாதி விஷயத்தை முடிவு பண்ணிடுது. மான் தடம் உங்களுக்கு 10 மணிக்கு வர்ற மாதிரி மாட்டுங்க. தடத்துக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு பெரிய மரம் இருந்தா இன்னும் நல்லது. நாணை இழுக்கிற நேரத்துல மானோட தலை அதுக்குப் பின்னால மறையும்.

சீட்டோட உயரமும் அப்பவே பார்க்க வேண்டியது. தாழ்வான சீட்டுலேர்ந்து எழுந்திருக்க உடம்பை முன்னால வீசணும். முட்டியை விடத் தொடை கொஞ்சம் மேல இருக்கிற மாதிரி வச்சா, கால் பலத்துலயே நேரா எழுந்துடலாம். வில் கொக்கியை, உட்கார்ந்த இடத்துலேர்ந்து முழங்கை மடங்கின நிலையிலயே எட்டுற உயரத்துல மாட்டுங்க. தலைக்கு மேல மாட்டுற வழக்கம் நிக்கிறவங்களுக்குத்தான் பொருந்தும்.

சத்தத்தை வீட்டுலயே தீர்த்துடலாம். பரணை ஒரு மரத்துல தரையிலேர்ந்து ரெண்டு அடி உயரத்துல மாட்டி, இருபது தடவை உட்கார்ந்து எழுந்திருங்க. முனகல் பெரும்பாலும் கேபிள் மாட்டுற போல்ட்டுலயோ சீட்டுக் கீல்லயோ வரும். நைலான் வாஷர் போட்டா போயிடும். தளத்துல பழைய கார்ப்பெட் துண்டு ஒண்ணு கட்டுங்க, பூட்ஸ் தேய்ற சத்தம் அடங்கும், காலுக்கும் குளிர் ஏறாது. மடங்குற சீட்டுன்னா, எழுந்ததும் அது மரத்துல டொக்குனு அடிக்காம இருக்க ஒரு ஃபோம் துண்டு ஒட்டுங்க.

[காட்சி: எழுந்திருக்கும் முறை, மெதுவாக, பக்கவாட்டில்.]

மான் 80 கஜத்துல, மரங்களுக்கு நடுவுல வருது, எழுந்திருக்க நேரம் இருக்கு. அப்ப இப்படி. முதல்ல வில் கைக்கு வரட்டும். பாதத்தைப் பின்னால சீட்டுக்கு அடியில இழுங்க. முதுகை மரத்துக்குக் கிட்டவே வச்சுக்கிட்டு, மரத்தோட உரசாம மேல ஏறுங்க. 15, 20 வினாடி ஆகட்டும். மான் தலையைக் குனிஞ்சிருக்கும்போது மட்டும் அசையுங்க. ஒரு தந்திரம் அதுக்கும் தெரியும்: குனியற மாதிரி குனிஞ்சு சட்டுனு தலையைத் தூக்கும். நிஜமா தின்ன ஆரம்பிக்கிற வரைக்கும் பொறுங்க. வாலை ஆட்டினா, பல சமயம் அடுத்த நொடி தலை மேல வரும். பாதி எழுந்த நிலையில பார்த்துட்டா, அந்தப் பாதியிலயே உறைஞ்சுடணும். தொடை எரியும், எரியட்டும்.

[காட்சி: ஹார்னெஸ், முதுகுப்பக்கப் பட்டை, மரத்தைச் சுத்தின கயிறு, ப்ரூசிக் முடிச்சு.]

கடைசியா, நிக்கிறதுக்கும் உட்கார்றதுக்கும் நடுவுல பலர் கவனிக்காத ஒண்ணு, டெதர் பட்டையோட நீளம். உடம்புல மாட்டுற பாதுகாப்பு வாரை (ஹார்னெஸ்) மரத்தோட இணைக்கிற பட்டை அது. உட்கார்ந்தா தொய்வு கிட்டத்தட்ட இல்லாத அளவுக்கு, தலைக்கு மேல மாட்டணும். ஆனா எழுந்து நின்னதும் ஒண்ணரை, ரெண்டு அடி தொய்வு வந்துடும். விழுந்தா அந்தத் தூரமும் சேர்ந்து விழுவீங்க. ரொம்ப நேரம் நிக்கப் போறீங்கன்னா ப்ரூசிக் முடிச்சை (கையால நகரும், எடை விழுந்தா இறுகும்) மேல தள்ளுங்க, உட்காரும்போது திரும்ப இறக்குங்க. திரும்பி அடிக்கும்போது பட்டை நாணுக்குக் குறுக்க வருதான்னும் பார்த்துடுங்க. வலது பக்கம் திரும்புறவங்களுக்கு அது தோளைத் தாண்டி முன்னால வரும்.

முழு உடல் ஹார்னெஸ்தான் போடணும், இடுப்புல ஒத்தை பெல்ட்டு மட்டும் கட்டுற பழக்கம் ஆபத்து. விழுந்து தொங்கினா, கால் பட்டை தொடையை இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ரிலீஃப் பட்டையில காலை வச்சு எடையை மாத்திக்கிட்டே, பரணையோ ஏணியையோ பிடிக்கப் பாருங்க. போன் நெஞ்சுப் பாக்கெட்டுல இருக்கட்டும், பையில வேணாம்.

வில்லைக் கயித்துல கட்டித்தான் ஏத்தணும், இறக்கணும். அம்பு நாண்ல இருக்கக்கூடாது, பிராட்ஹெட்டுங்கிற வெட்டு முனையெல்லாம் மூடியுள்ள அம்புக்கூட்டுக்குள்ள. ஏணியிலேர்ந்து தளத்துக்குக் கால் மாத்துற அந்த ஒரு எட்டு பல பேரை விழவைக்கிற இடம். இருட்டுல இறங்கும்போதும் அதே எட்டு திரும்ப வரும். தரையிலேர்ந்து மேல வரைக்கும் லைஃப்லைன் கயிறு கட்டியிருந்தா, ரெண்டு காலும் தரையில பட்ட பிறகு காரபினர் கொக்கியைக் கழட்டுங்க.

[காட்சி: பூட்ஸ் தரையில. காரபினர் கழலும் சத்தம். திரை இருட்டு.]