தாபி ஆற்றங்கரையும் நாகைத் துறையும்

(வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, வலையை ஒருநாள் ஓரமாக வைத்துவிட்டு வந்திருக்கும் மீனவர் சங்கப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். வர்த்தகர் சங்கச் செயலாளர் வந்துகொண்டிருப்பதாக இப்போதுதான் துண்டுச்சீட்டு வந்தது. அவருக்கும் முன்கூட்டியே ஒரு வணக்கம். பொன்னாடை என்ற பெயரில் பளபளப்பு எதையும் போர்த்தாமல் கைத்தறித் துண்டு போர்த்திய தம்பிக்குத் தனி நன்றி. துண்டு வீட்டில் உபயோகப்படும்.

நோட்டீஸில் ‘தாய்லாந்துப் பயணம்’ என்று போட்டுவிட்டார்கள். நான் பார்த்தது முழுத் தாய்லாந்து இல்லை, தெற்கே இருக்கும் சூரத் தானி என்ற ஒரே ஊர். அதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்கிறேன்: ஊர், படகு, சாப்பாடு. என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்கு இடையில் ஒரு பழமொழி வரும் என்று தெரியும். ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும். இன்றைக்கும் வரும்.

ஊரின் பழைய பெயர் பான் டோன். 1915-இல் ஆறாம் ராமா என்று அழைக்கப்படும் வஜிராவுத் மன்னர் நம் குஜராத்தின் சூரத்தை நினைத்து அதற்குச் சூரத் தானி என்று பெயர் வைத்தார். அங்கே சூரத் தபதி ஆற்றின் கரையில் இருக்கிறது அல்லவா, அதனால் இங்கே ஓடும் ஆறும் தாபி ஆகிவிட்டது. நமக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள உறவு அந்தப் பெயரைவிடப் பழையது. வடக்கே சிறிது தூரத்தில் சையா என்ற ஊர், ஸ்ரீவிஜயம் என்ற பழைய கடல்வணிகப் பேரரசின் முக்கிய நகரங்களில் ஒன்று. அந்த ஸ்ரீவிஜய மன்னர்கள் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடம் எந்த ஊரில் இருந்தது? இதே நாகையில்! ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தைக் கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. அந்தத் தென் தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டிய ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதாகச் சொல்கிறது. 1025-இல் ராஜேந்திரன் படையோடு போனதை நான் சொல்ல வேண்டியதில்லை, மேடைக்கு மேடை சொல்கிறார்கள். வியாபாரி போனதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சரி, படகுக்கு வருவோம். சூரத் தானி வழியாகக் கடல் தாண்டித் தீவுகளுக்குப் போகிறவர்கள் பாங்காக்கில் ரயிலேறினால் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் சூரத் தானி என்றுதான் இருக்கும், ஆனால் இறங்கும் இடம் புன்பின். ஊர் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் யாரும் தவிப்பதில்லை. பாங்காக்கிலேயே ரயில், பஸ், படகு மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

என்னோடு வந்த நண்பர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இஸ்திரி கலையாத சட்டையோடு ரயிலிலிருந்து இறங்கினார். ஒரு சின்னப் பெண் கையில் வண்ண வண்ண ஸ்டிக்கர்களோடு ஓடி வந்து, சீட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒன்று ஒட்டினாள். கோ சமூய்க்கு ஒரு நிறம், கோ பாங்கானுக்கு ஒன்று, கோ தாவோவுக்கு ஒன்று. கோ என்றால் அவர்கள் மொழியில் தீவு. வெள்ளைக்காரர்கள் சட்டையை நீட்டிக் காட்டினார்கள். நம்மவர், “நான் என்ன கூரியர் பார்சலா?” என்று விலகிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவரை ஒரு சின்னப் பெண் வரிசையில் நிறுத்தலாமா! ஸ்டிக்கரை வாங்கிக் குடையில் ஒட்டிக்கொண்டார். குடை பஸ்ஸின் மேல்தட்டுக்குப் போனது. துறையில் இறங்கியதும் ஆட்களை நிறம் பார்த்துப் பிரித்தார்கள். நிறமில்லாத எங்கள் தலைமையாசிரியரைக் கோ தாவோ வரிசையில் நிறுத்தினார்கள். அவர் ஆங்கிலத்தில் விளக்கினார், அவர்கள் தாய் மொழியில் விளக்கினார்கள், கோபம் வந்ததும் இவர் தமிழுக்கு மாறினார். கடைசியில் அந்தப் பெண்ணே வந்து சீட்டைப் பார்த்தாள், புது ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அவர் சட்டைப்பைக்கு மேலே இரண்டு கையாலும் அழுத்தி ஒட்டினாள், அப்புறம் கைகூப்பிக் கும்பிட்டாள். மனிதர் உருகிப்போய்விட்டார். மறுநாள் சாயங்காலம்வரை அதைக் கிழிக்கவே இல்லை.

எங்களுடையது இராத்திரிப் படகு. ஊருக்குள்ளேயே ஆற்றுத் துறையிலிருந்து பதினொரு மணிவாக்கில் புறப்படும். கீழ்த்தட்டில் மோட்டார் சைக்கிள், காய்கறிக் கூடை, தண்ணீர்ப் பாட்டில் கட்டுகள். மேல்தட்டில் வரிசையாக மெல்லிய மெத்தைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். செருப்பைக் கழற்றிவிட்டு எண்ணைத் தேடிப் படுக்க வேண்டியதுதான். கரை விளக்குகள் நகரும்போதுதான் படகு கிளம்பியதே தெரிகிறது. முகத்துவாரம் தாண்டியதும் ஆட்டம் ஆரம்பிக்கும். விடிவதற்குள் தீவு. பகலில் போகிறவர்களுக்குக் கிழக்கே சுமார் எழுபது கிலோமீட்டரில் டோன்சாக் துறை இருக்கிறது. காரோடு ஏறி ஒன்றரை மணி நேரத்தில் சமூயில் இறங்கலாம்.

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மரப் படகு, மெத்தை, ஸ்டிக்கர். நமக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. ஆறு நிறையத் தண்ணீர் போனாலும்... மீதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

ஒரே சீட்டு நமக்குப் புதுசா? 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் வாங்கிய சீட்டோடு தனுஷ்கோடிக்கு ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலேறிக் கொழும்பு என்று போட் மெயிலில் போனவர்கள்தாம் நம் தாத்தாக்கள். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. இதே நாகையில் ரஜூலா, எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல்கள் வந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். 2023 அக்டோபரில் இங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள், சில நாளிலேயே மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், மறுக்கவில்லை. தாய்லாந்து வளைகுடாவிலும் அதே காற்று அடிக்கிறது, கடல் மோசமானால் அங்கும் படகை நிறுத்தத்தான் செய்கிறார்கள். ஆனால் காற்று அடங்கினால் மறுநாள் படகு ஓடுகிறது. நமக்குக் காற்று அடங்கினாலும் கோப்பு அடங்குவதில்லை.

எங்கள் கோரிக்கை சின்னது. எழும்பூரில் வாங்கும் சீட்டில் நாகை ரயில், துறைமுகத்துக்கு ஒரு பஸ், கப்பல், காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம்வரை ரயில், எல்லாம் அடங்க வேண்டும். கடுவையாற்று முகத்துவாரத்தில் இறங்குகிறவன் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்டினாலும் சம்மதம், தலைமையாசிரியர் இப்போது மறுப்புச் சொல்ல மாட்டார்.

சாப்பாடு பாக்கி இருக்கிறது. சுண்டல் வாசனை வரும் நேரத்தில் அந்த ஊர்ச் சிப்பியையும் சையா உப்பு முட்டையையும் விவரித்தால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். செயலாளரும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். மனுவின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் முகவரியையும் முழுதாக எழுதுங்கள், போன தடவை பாதிப் பேர் ‘நாகை’ என்று மட்டும் எழுதியதால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, போட்டதும் அடுத்தவரிடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.