எவர்சில்வரின் மேல்தோல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் புளி கரைக்கிற எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறதே, அதன் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் இரும்புதான். இரும்பு வாணலியில் புளித்தண்ணீரை ஒரு ராத்திரி விட்டுவைத்தால் தண்ணீர் கறுத்துப் போகும். கிண்ணத்துக்கோ ஒன்றும் ஆவதில்லை. என்ன காரணம்?

1836-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன், லண்டனில் இருந்த விஞ்ஞானி ஃபாரடேக்கு ஒரு விந்தையைக் கடிதத்தில் எழுதினார். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்ட இரும்பு பழுப்புப் புகை கக்கிக் கரைகிறது. அடர்ந்த அமிலத்தில் போட்டால் அசையாமல் கிடக்கிறது. சரி, அப்படிக் கிடக்கும் இரும்பின் மேல் மெல்லத் தண்ணீர் ஊற்றி அமிலத்தை நீர்க்கச் செய்தாலும் அமைதி கலைவதில்லை. ஆனால் ஒரு கண்ணாடிக் குச்சியால் லேசாகக் கீறினால் போதும், சட்டென்று பொங்கி எழுந்து கரையத் தொடங்கிவிடும். இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் படிந்திருக்க வேண்டும் என்று ஃபாரடே கருதினார். அதைச் செயலறு படலம் என்கிறோம்.

வெறும் இரும்பின் படலம் கீறினால் போய்விடும். குரோமியம் என்ற உலோகம் சேர்ந்து எவர்சில்வர் ஆனால் கதையே வேறு. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலோக ஆய்வாளர் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய் அரிப்பைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 12.8 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை உருக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக நைட்ரிக் அமிலக் கரைசலால் அரிக்க முயன்றார். அது அரிக்க மறுத்தது. அப்புறம் வினிகரையும் எலுமிச்சைச் சாற்றையும் வைத்துப் பார்த்தார். அவற்றுக்கும் அது மசியவில்லை.

அந்த எஃகைக் காக்கும் படலத்தின் தடிமன் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். தலைமுடியைப் பல ஆயிரம் ஏடுகளாக உரித்தால் ஒரு ஏடு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு. அமிலம் பட்டதும் மேற்பரப்பிலுள்ள இரும்பு கரைந்து போகிறது. குரோமியம் ஆக்சைடு லேசில் கரையாது, தங்கிவிடுகிறது. இப்படிப் படலத்தில் குரோமியத்தின் பங்கு கூடிக்கொண்டே போய், படலம் இறுகுகிறது. குரோமியம் சுமார் 11, 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் படலம் முழுமையாக மூடாது.

தேய்த்தால் போய்விடாதா என்று கேட்பார்கள். போகும். ஆனால் கீறல் விழுந்த இடத்தில் காற்றிலோ தண்ணீரிலோ உள்ள ஆக்சிஜன் பட்டதும் புதிதாக மூடிக்கொள்ளும். எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இந்தக் குணம்தான்.

இதைக் குலைக்கக்கூடியது குளோரைடு. உப்பு அதைத்தான் சுமந்து வருகிறது. உப்பு ஜாடியின் அடியில் ஊசி முனை அளவுக்கு விழும் கரும்புள்ளிகள் அதன் வேலை. குளோரைடு படலத்தை ஒரு சிறு இடத்தில் துளைத்துவிடும். குழிக்குள் ஆக்சிஜன் குறைந்து, உள்ளே இருக்கும் நீர் தானே அமிலமாகி, மேலும் ஆழமாக அரித்துக்கொண்டே போகும். அதனால்தான் கடலோர வேலைகளுக்கு மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்த எஃகை வாங்குகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் தரையை பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதிலும் குளோரைடு உண்டு. பக்கத்தில் புத்தம்புது எவர்சில்வர் தொட்டி. ஆசிட் ஒரு சொட்டுகூடத் தொட்டி மேல் படவில்லை, ஆவி மட்டுமே பட்டது. மறுநாள் காலையில் தொட்டியின் கீழ்ப்பாதி முழுக்கத் தேயிலைக் கறை போலப் பழுப்புப் புள்ளிகள். விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. ஆழமான இடங்களை மெருகேற்றும் சக்கரத்தால் தேய்த்து எடுத்தோம். தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவினோம். பிறகு எங்கள் மூத்த மேஸ்திரி, கையுறை மாட்டிக்கொண்டு, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தொட்டி முழுக்கப் பூசினார். அமிலத்தால் கெட்டதற்கு இன்னொரு அமிலமா என்று நான் பதறினேன். “இது உள்ளே இரும்புத் தூசியைக் கரைச்சிட்டு, குரோமியத்துக்குத் தோலு குடுக்கும் தம்பி” என்றார். வெறும் இரும்பைக் கரைக்கிற அதே நைட்ரிக் அமிலம்தான். அரை மணி நேரம் கழித்து அவர் கழுவிவிட்டபோது புகையும் இல்லை, பொங்கலும் இல்லை. தொட்டி பளபளவென்று நின்றது.