உப்பைத் தள்ளும் இலை

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, அண்ணன்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். கடவுளின் அன்பு அதிகம் தெரிவது மனிதர் செய்யும் உதவியிலா, இயற்கையின் அழகிலா என்பது தலைப்பு. அழகில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் பேசும்போது, "வடசென்னையில் ஏதம்மா இயற்கை? புகைக்கூண்டும் கண்டெய்னர் லாரியும்தானே" என்று கேட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். எனக்குச் சுருக்கென்றது. அண்ணே, நான் எண்ணூரில் பிறந்து வளர்ந்தவள், அந்தப் புகையை உங்களைவிட அதிகமாகவே சுவாசித்தவள். அதனால்தான் இந்தப் பக்கம் நின்று பேசுகிறேன்.

முதலில் காசிமேட்டுக்கு வாருங்கள். விடியற்காலையில், ஏலம் நடக்கிற நேரத்தில், போட்டிலிருந்து அப்போதுதான் இறக்கிய காணாங்கத்தை ஒன்றைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முதுகில் நீலமும் பச்சையும் கலந்த மினுக்கம், அங்கங்கே கறுப்புக் கோடு, விலாவில் லேசாகப் பொன் பூசினாற்போல ஒரு நிறம், வயிறு வெள்ளி. ஐஸில் கிடந்தால் அந்தப் பொன் மங்கிவிடும், குழம்பில் போட்டால் எதுவுமே மிஞ்சாது. முதுகு கறுத்திருப்பது மேலே பறக்கிற பறவையின் கண்ணுக்குத் தப்ப, வயிறு வெளுத்திருப்பது கீழிருந்து வருகிற பெரிய மீனுக்குத் தப்ப என்று படித்தவர்கள் சொல்வார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன், மீன் பிழைக்க அது வேண்டும். ஆனால் கூடையைத் தூக்கப் போன என் அம்மா, வியாபாரத்தையும் மறந்து "எம்மாம் அழகு பாரேன்" என்று ஒரு நிமிடம் நின்றாளே, அந்த ஒரு நிமிடம் எந்தப் பிழைப்புக்கு வேண்டும்? சோற்றை மட்டும் அளந்து போடுகிறவன் முதலாளி. சோற்றுக்கு மேலே கண்ணுக்கும் ஒன்று எடுத்து வைக்கிறவன் நம்மேல் ஆசை உள்ளவன்.

அப்புறம் எங்கள் ஊர் முகத்துவாரம், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம். அங்கே சேற்றில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டு மூச்சு வாங்கும். உப்புத் தண்ணீரில் நிற்கிற மரம், உள்ளே போன உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும், வெயில் ஏறினால் இலைமேல் அது பொடிப்பொடியாக மின்னும். சின்ன வயதில் நாங்கள் அதை நக்கிப் பார்ப்போம், கரிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் வந்து அந்த முகத்துவாரத்தில் பரவியது. எங்கள் ஆட்கள் மக்கிலும் பக்கெட்டிலும் அள்ளினார்கள், அண்ணன் இதைத்தான் உதவிக்குச் சாட்சியாகச் சொன்னார். அள்ளியது மனிதர்கள், உண்மைதான். விட்டதும் மனிதர்கள்தானே அண்ணே? சில மாதம் கழித்து அப்பாவோடு படகில் போனேன். அடிமரத்தில் தார் பூசியதுபோல் கறை. அதே மரத்தின் நுனியில் ஐந்தாறு தளிர், தளிர்மேல் உப்பு மின்னியது. ஊரே குப்பைமேடு என்று ஒதுக்கிய இடத்தை ஒருவன் இன்னும் அலங்காரம் பண்ணிக்கொண்டிருக்கிறான். அன்பு இல்லாமல் யார் அப்படிச் செய்வார்கள்?

2004இல் அதே கடல் அடித்ததே என்று கேட்பீர்கள். அடித்தது. அதற்கு என்னிடம் பதில் கிடையாது, இருப்பதுபோலப் பேசவும் மாட்டேன். மகனைப் பறிகொடுத்த என் பெரியம்மா பல மாதம் கடல் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. வந்து ஆறுதல் சொல்லாத ஆள் இல்லை, அரிசி வந்தது, துணி வந்தது, அவள் எதையும் தொடவில்லை. ஒரு பௌர்ணமி மாலை, நிலா கடலுக்குள்ளிருந்து சிவப்பாக எழுந்து, மேலே ஏற ஏற வெளுத்து, தண்ணீர்மேல் எங்கள் கரை வரைக்கும் ஒரு பாதை போட்டது. யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். அது தலைக்கு மேலே வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் உள்ளே திரும்பி, "கொஞ்சம் சோறு போடு" என்றாள்.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.