தைத்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது

மாண்பமை வட்டாட்சியர் ஐயா அவர்களே, ஒன்றியக் குழுத் தலைவர் அம்மா அவர்களே, மண்டபமும் கொடுத்து மோரும் கொடுத்த அரிமா சங்கத்துப் பெரியோர்களே, பெயர் விட்டுப்போனவர்களே, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். உதட்டிலும் அண்ணத்திலும், அதாவது வாயின் மேற்கூரையிலும், பிளவோடு பிறந்த பிள்ளை? பால், காது, பேச்சு என்று மூன்று சொல்ல வந்தேன்.

அண்ணம் திறந்திருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது. நிமிர்த்தி வைத்துப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். கிரகணத்தில் காய் நறுக்கியதால் வந்தது என்று மருமகளைத் திட்டுகிற மாமியார்கள் இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி பேச்சு. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன். ஒன்றரை வயதில் அண்ணத்தைத் தைத்தாயிற்று. வேலை முடிந்தது என்று அப்பா இருந்துவிட்டார். ச, க, ப, ட எல்லாவற்றுக்கும் வாய்க்குள் காற்றை அடைக்க வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் அது மூக்கு வழியே போய்விடும். தைப்பதற்கு முன்பே தொண்டையில் முட்டிச் சமாளிக்கப் பழகியவன், தைத்த பிறகும் அதை விடவில்லை. சக்கரை வாங்கி வா என்று அம்மா அனுப்புவார். 'சக்கரை' என்றால் கடையே சிரிக்கும். 'வெல்லம்' அவன் வாயில் ஒழுங்காக வரும். வாங்கிவந்து, சக்கரை இல்லை என்று கையை விரித்துவிடுவான். மாதக்கணக்கில் அந்த வீட்டில் வெல்லக் காப்பி! "பாருடி, இதுதான் உடம்புக்கு நல்லது" என்று அப்பாவுக்குப் பெருமை வேறு.

மூக்கு வழியே கேமரா விட்டுப் பார்த்தோம். பேசும்போது அண்ணம் தொண்டையின் பின்சுவரை எட்டி மூக்கு வழியை அடைக்காவிட்டால் மறுபடி அறுவை. இவனுக்கு எட்டியது, பழக்கம்தான் கோளாறு. மூக்கடியில் கண்ணாடியைப் பிடித்து, ஆவி படியாமல் 'பாப்பா' சொல்லவைத்தோம். (பலூன் ஊதினால் பேச்சு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.) பல மாதம் கழித்து ஒருநாள், "அண்ணே, சக்கரை அரைக் கிலோ" என்றான். "ஏன் தம்பி, வெல்லம் வேண்டாமா?" என்றாராம் கடைக்காரர்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். ஆனால் வாரம்தோறும் பயிற்சி வேண்டுமே! ஸ்மைல் டிரெயின் போன்ற தொண்டு அமைப்புகளால் அறுவை இலவசம். 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு தொடக்கநிலை இடையீட்டு மையமும், அதாவது பிள்ளைகளின் குறையைச் சின்ன வயதிலேயே கவனிக்கும் இடமும், உண்டு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்கு எத்தனை வாரம் ஒரு தாய் போவாள்? நாம் கேட்பது, ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் வாரம் ஒருநாளாவது பேச்சுப் பயிற்சியாளர்.

காதைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன், மணி அடித்துவிட்டார்கள். மனு வாசலில் இருக்கிறது. வட்டாட்சியர் ஐயா கையெழுத்துப் போட முடியாது, தெரியும், வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?