புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்

வணக்கம். கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். தாராவியில் எங்கள் சந்தில் இந்த நேரத்துக்குச் சற்று அமைதியான இடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் ஓரம்தான். கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அரை மணி நேரத்தில் பிள்ளைகள் படிக்க வந்துவிடுவார்கள், அதற்குள் சொல்லி முடிக்கிறேன்.

அம்மாக்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "ராத்திரி பதினொரு மணி வரை படிக்கிறான், பரீட்சையில் எழுத வரவில்லை. ஏன்?" பையன் உங்களை ஏமாற்றவில்லை, அம்மா. புத்தகம்தான் அவனை ஏமாற்றுகிறது.

நானும் ஏமாந்தவள்தான். பத்தாம் வகுப்பில் என் வரலாற்றுப் புத்தகம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும், ஒரு வரி விடாமல் கோடு. திரும்பத் திரும்பப் படித்தேன், எல்லாம் தெரிந்தது போலவே இருந்தது. தெருவில் தினமும் பார்க்கிறவரின் பெயரைத் திடீரென்று கேட்டால் விழிக்கிறோம் அல்லவா? பழகிய முகம்தான், பெயர் வாயில் வராது. பரீட்சை கேட்பது பெயரை. பாஸ் மதிப்பெண் 35, நான் எடுத்தது 38. வீட்டில் ஒருவாரம் யாரும் என்னோடு பேசவில்லை.

இதை அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியைச் சில மாணவர்கள் நான்கு முறை படித்தார்கள். வேறு சிலர் ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. அந்த முதல் ஐந்து நிமிடத் தெம்பில்தான் உங்கள் பையன் பதினொரு மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போகிறான்.

அதனால் இந்த மாடியில் ஒரே சட்டம்: ஒரு பக்கம் படி, புத்தகத்தை மூடு, வெறும் தாளில் எழுது. விட்டுப்போனதைத் திறந்து பார், சிவப்பில் சேர். மறுநாள் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை, மறுபடி எழுது. கணக்கிலும் இதேதான், செய்து காட்டிய கணக்கைக் கையால் மறைத்துவிட்டுப் போட வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் ஈர்ப்பு விசை, அதில் கெப்ளரின் விதிகள் வருகின்றன. ஆங்கில வரியைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்த ஒரு பெண்ணை நிறுத்தி, "தமிழில் சொல்" என்றேன். திணறினாள். பிறகு, "சூரியனுக்குக் கிட்டே வந்தால் கிரகம் வேகமாக ஓடும், தூரப் போனால் மெதுவாகப் போகும்" என்றாள். இப்போது எழுது ஆங்கிலத்தில் என்றேன், சொந்தமாக எழுதினாள். முதலில் வாய்க்கு வரும் மொழியில் புரியட்டும், பரீட்சை மொழி பின்னால் வரும்.

"நான் படிக்காதவள், எனக்கு என்ன தெரியும்?" என்கிற அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்துச் சந்தில் ஓர் அக்கா தீபாவளிக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். மகள் எதிரே உட்கார்ந்து மரபுவழிப் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அச்சைத் திருகியபடியே, "அப்படியென்றால் பாட்டியின் மூக்கு, உன் அப்பாவை விட்டுவிட்டு உனக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார். மகளுக்குப் பதில் தெரியவில்லை. முனகிக்கொண்டே போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். அன்று அவள் அந்தப் பாடத்தைப் படித்தது மாதிரி என்னிடம் ஒருநாளும் படித்ததில்லை. விடை தெரிந்தவள் நான், பாதியிலேயே எடுத்துக்கொடுத்துவிடுகிறேன். அக்காவிடம் அந்தத் தப்பு இல்லை.

முதல் வருடம் முழுக்க நான் செய்தது அந்தத் தப்புதான். இரண்டு மணி நேரம் தொண்டை வற்றப் புவியியல் நடத்துவேன். அடுத்த வாரம் கேட்டால் என்னைத் தவிர யாருக்கும் ஞாபகமில்லை. பேசியவள் நான்தானே! இப்போது எட்டாம் வகுப்புக்காரன் ஐந்தாம் வகுப்புக்காரனுக்குச் சொல்லித் தருகிறான். புதுமை என்று நினைக்காதீர்கள், திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். சென்னையில் மணலில் எழுதிப் பழகிய பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797இல் லண்டனில் அதை அச்சிட்டார், அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். நாம்தான் திண்ணையை இடித்துவிட்டு டியூஷனுக்குப் பணம் கட்டுகிறோம்.

இரும்பு ஏணியில் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார்கள். என்னடா, கையை வீசிக்கொண்டு வருகிறாய்? புத்தகத்தை மறந்துவிட்டாயா? பரவாயில்லை, உட்கார். நேற்றுப் படித்ததை அப்படியே சொல்.