நீலத்தில் ஒரு சின்ன எண்

நேயர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாக விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுகிறேன், மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிறேன். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “யார் வேண்டுமானாலும் எழுதலாமாமே, அதை எப்படி நம்புவது?”

நியாயமான கேள்வி. ஆனால் ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

2009 மார்ச்சில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரீஸ் ஜார் இறந்தார். மூன்று ஆஸ்கர் வாங்கியவர். செய்தி வந்த கையோடு, டப்ளினில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் அவரைப் பற்றிய கட்டுரைக்குள் போய், அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகச் சேர்த்தார். இசை, மரணம் என்று உருக்கமான வரிகள். எவ்வளவு பேர் ஏமாறுகிறார்கள் என்று பார்க்கும் சோதனை அது. விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள், “இதற்குச் சான்று எங்கே?” என்று நீக்கினார்கள். மறுபடி சேர்த்தார், மறுபடி நீக்கினார்கள். ஆனால் இடையில் கிடைத்த நேரம் போதுமானதாக இருந்தது. பெரிய நாளிதழ்கள் அந்த வரிகளை எடுத்து அஞ்சலிக் கட்டுரைகளில் போட்டுவிட்டன. சம்பளம் வாங்காதவன் சான்று கேட்டான், சம்பளம் வாங்கியவர் கேட்கவில்லை! ஒரு மாதம் கழித்து அந்த மாணவரே எழுதிச் சொன்ன பிறகுதான் பத்திரிகைகளுக்கு விஷயம் தெரிந்தது.

இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. நாளிதழில் வந்துவிட்டால் அதையே சான்றாகக் காட்டி அந்தப் பொய்யைத் திரும்பவும் கட்டுரைக்குள் கொண்டுவரலாம். பாம்பு தன் வாலையே விழுங்குவதுபோல.

சரி, விக்கிப்பீடியா எப்போதும் விழிப்பாக இருக்கிறதா என்றால், இல்லை. கோவாவில் போர்த்துக்கீசியருக்கும் மராட்டியருக்கும் ‘பிச்சோலிம் போர்’ நடந்ததாக ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை 2007 முதல் 2012 வரை இருந்தது. நல்ல கட்டுரை என்ற தகுதிகூட வாங்கியிருந்தது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை. அடிக்குறிப்பில் இருந்த நூல்களைத் தேடிப்போன ஒருவருக்கு அவை கிடைக்கவே இல்லை. ஐந்து ஆண்டுகள் யாரும் தேடிப்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கட்டுரையைப் பார்க்காதீர்கள், வாக்கியத்தைப் பாருங்கள். அதன் முடிவில், சான்றைக் காட்டும் நீல நிறச் சின்ன எண் ஒன்று இருக்கிறதா? இருந்தால் சொடுக்கிப் பாருங்கள். எண் இருப்பது மட்டும் போதாது. பிச்சோலிமிலும் எண்கள் இருந்தன.

2005இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழ் விக்கிப்பீடியாவின் 42 அறிவியல் கட்டுரைகளை பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தோடு ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிகாவில் மூன்று. பிரிட்டானிகா அதைக் கடுமையாக மறுத்தது. அந்த நான்கு மூன்றை இன்றும் எல்லாத் துறைக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். அது அறிவியலுக்கு மட்டும், அதுவும் அந்த ஆண்டுக்கு மட்டும்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. கட்டுரையின் மேலே ‘வரலாறு’ என்று இருக்கும், அழுத்துங்கள். யார், எந்த நிமிடம், என்ன மாற்றினார்கள் என்று வரிசையாகத் தெரியும். சற்று முன்புதான் பெரிதாக எதையாவது சேர்த்திருந்தால், ஒரு நாள் பொறுத்துப் படியுங்கள். பக்கத்திலேயே ‘உரையாடல்’ என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் பிறந்த ஆண்டுக்காக அங்கே நாங்கள் போட்ட சண்டையைச் சொல்லத்தான் இன்று வந்தேன். அதற்குள் மணி ஆகிவிட்டது. வணக்கம்.